சொல் விளக்கம்: அயல் ஆக்கிரமிப்பு இனம்

'இன்வேசிவ் ஏலியன் ஸ்பீசிஸ்' என்று சூழலியலார் வழங்கும் தொடர் தமிழில் 'அயல் ஆக்கிரமிப்பு இனம்' என்றும் 'ஊடுருவும் அந்நிய இனம்' என்றும் எழுதப்படுகிறது. 'இன்வேட்' என்பதன் வேர் 'உட்புகு' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. 'ஏலியன்' என்பது 'பிற' என்னும் பொருளுடைய 'அலியுஸ்' வழிவந்தது. போர்க்களத்துக்குரிய சொல் உயிரினப் பரவலைக் குறிக்க நிலைபெற்றதில், ஆங்கிலேய விலங்கியலார் சார்லஸ் எல்டன் 1958இல் வெளியிட்ட நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் இதற்கு வரையறை தந்தது. இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாததும், நுழைவதாலோ பரவுவதாலோ காட்டுயிருக்கும் அதன் வாழிடத்துக்கும் கேடு விளைக்கக்கூடியதுமான விலங்கு அல்லது தாவரம் என்பது அதன் சாரம். அவற்றின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை நெறிப்படுத்தவும் தடுக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு.

அயலாக இருப்பது மட்டுமே குற்றமன்று என்பதை மரவள்ளி வயலில் தெளிவாகக் காணலாம். மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். நமக்கு உணவும் வருவாயும் தருகிறது. அதே கண்டத்தைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, தமிழகத்துக்கும் பரவி, நுனிக்குருத்தைச் சுருட்டிச் செடியைக் குறுகச் செய்தது. பூச்சியேறிய கரணைகளை (நடவுக்கான தண்டுத் துண்டுகளை) ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் சென்று நட்டால் அதுவும் உடன் செல்லும். இப்பூச்சியைக் கட்டுப்படுத்த, பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 'அனகைரஸ் லோபெசி' என்னும் சிறு குளவியை மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவித்து, ஆய்ந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடச் செய்தது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்க, எஞ்சிய கூட்டைத் துளைத்துக்கொண்டு புதுக்குளவி வெளிவருகிறது. இக்குளவியும் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அயல் இனமே.

'சீமை' என்னும் நம் பழைய அடைமொழி வந்த திசையை மட்டும் சொல்கிறது. அதனால்தான் நீர்நிலைகளை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலமும் மருந்தாகும் சீமை அகத்தியும் ஒரே அடைமொழியைத் தாங்குகின்றன. 'ஊடுருவும்' என்பது நுழைவை மட்டுமே உணர்த்துகிறது. ஏரி ஆக்கிரமிப்பு, புறம்போக்கு ஆக்கிரமிப்பு என அன்றாடம் வழங்கும் சொல்லோ பிறர் இடத்தைப் பற்றிக்கொண்டு நிலைப்பதைக் குறிப்பதால், வடமொழி வேருடையதாயினும், 'அயல் ஆக்கிரமிப்பு இனம்' என்பதே பொருந்தும். தனித்தமிழில் எழுத விரும்புவோர் 'வன்பரவல் அயலினம்' எனலாம்.