ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

ஐடிஐ, பாலிடெக்னிக் கடைசி வருட மாணவர்களிடம் ஆண்டுதோறும் நான் கேட்கும் பேச்சு இது: "சார், ப்ராஜெக்ட்டை கோயம்புத்தூர்ல எடுத்துக்கலாம்னு இருக்கோம்." எடுத்துக்கொள்வது என்றால், செய்து வைத்திருப்பதைக் காசு கொடுத்து வாங்கி வருவது. அக்ரிலிக் பெட்டி, நீல வெளிச்ச டிஸ்ப்ளே, பைண்டிங் செய்த ரிப்போர்ட் எல்லாம் சேர்ந்தே வரும். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?" என்று கேட்டால் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் அம்மா பச்சைத் தேயிலை பறித்துச் சேர்த்தது, இல்லையென்றால் அப்பா கேரட் மூட்டை ஏற்றிச் சேர்த்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் கன்ட்ரோல் பேனலும் சென்சாரும் பழுது பார்ப்பது என் தொழில். கூடவே நீலகிரியில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிச் சிப்) வகுப்பும் எடுக்கிறேன். உதவிக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: நீயே செய்த ஏதாவது ஒன்று தப்பாக ஓடி, ஏன் தப்பு என்று நீயே கண்டுபிடித்தது உண்டா? உண்டு என்று சொல்கிற பிள்ளையை மறுநாளே வரச் சொல்லிவிடுவேன். அந்த அனுபவத்துக்குப் பெரிய ப்ராஜெக்ட் தேவையில்லை. உங்கள் வீட்டைச் சுற்றி எழுந்த ஒரு கேள்வியும், கிடைத்த பதில் சரியா என்று நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இருந்தால் போதும்.

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஆர்டுயினோ, மைக்ரோகன்ட்ரோலர் பொருத்திய சின்ன போர்டு. அதன் பெயரைக் கேட்டதும் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒரு டிசைன் கல்லூரியில் அது பிறந்தபோது, எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களை மனதில் வைத்தே உருவாக்கினார்கள். அதில் ஒரு வகையான ஊனோ போர்டில் இருக்கும் ஏட்மெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த 2 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். கையில் இருக்கும் செல்போனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தச் சிப்புக்குள் நடப்பது அத்தனையும் உங்களுக்குப் புரியும். செல்போனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

முதல் நாள் எல்இடியை மினுக்கவிட்டு எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்து என்ன என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள். நான் அடுத்து கொடுப்பது ஒரு விளையாட்டு. ஒரு எல்இடி, இரண்டு புஷ் பட்டன். எல்இடி இரண்டு முதல் ஆறு வினாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் எரியும். எரிந்ததும் யார் முதலில் அமுக்குகிறாரோ அவருக்கு ஒரு புள்ளி. எத்தனை மில்லிசெகண்டில் அமுக்கினார் என்று கம்ப்யூட்டர் திரையில் வரும். நன்றாகக் கவனிக்கிற பிள்ளைகளுக்கு 200, 250 என்று வரும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு 400.

ஒரு வகுப்பில் ஒரு பையனுக்கு மட்டும் திரும்பத் திரும்ப 0, 0 என்று வந்தது. எதிரில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "சார், இவன் முன்னாடியே அமுக்கி வெச்சிருக்கான்!" நான் நடுவராகப் போகவில்லை. "அதை மெஷினே கண்டுபிடிக்கணும்னா என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டேன். எல்இடி எரிவதற்காகக் காத்திருக்கும் நேரத்திலும் பட்டனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போது அமுங்கியிருந்தால் எதிராளிக்குப் புள்ளி என்று அவளே நான்கு வரி எழுதிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த புகார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாக அமுக்கினால் எப்போதும் இடது பக்கத்தில் இருப்பவரே ஜெயிக்கிறார். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போதும் இடது பக்கமே. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் யாரோ 50 மில்லிசெகண்ட் டிலே, அதாவது சும்மா காத்திருக்கும் நேரம், போட்டிருந்தார்கள். அந்த இடைவெளிக்குள் இருவரும் அமுக்கினால், நிரலில் முதலில் எழுதிய பட்டனுக்கே வெற்றி. டிலேயை எடுத்ததும் சண்டை தீர்ந்தது. தொழிற்சாலையில் ஒரு கன்வேயர் ஏன் எப்போதோ ஒரு முறை மட்டும் தவறான பக்கம் திரும்புகிறது என்று தேடும்போது நான் செய்வதும் இதே வேலைதான்.

இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை. "போர்டு செத்துப்போச்சு சார்" என்று கொண்டுவருகிற போர்டுகளில் பல நன்றாகவே இருக்கும். யுஎஸ்பி ஒயர்தான் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படுகிற வகையாக இருக்கும், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. இன்னொன்று, பிரெட்போர்டு என்பது சால்டர் இல்லாமல் ஒயர் சொருகும் துளைப்பலகை; சில நீளமான பிரெட்போர்டுகளில் பவர் போகும் ஓரத்து சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டாகியிருக்கும். மல்ட்டிமீட்டரை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இருந்தும் போர்டு வாங்க வசதி இல்லாதவர்கள் டிங்கர்கேட் இணையதளத்தில் திரையிலேயே இலவசமாக ஊனோவை ஓட்டிப் பழகலாம்.

இனி மலைக்கே உரிய ஒன்று. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல், கேத்தி பாலாடா பக்கம் விடியற்காலையில் புல் வெள்ளையாக இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகும், உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் போய்விடும். மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் கவலை. ஆனால் செல்போன் ஊட்டியில் 4 டிகிரி என்று காட்டும். "நாலு டிகிரியில எப்படி சார் உறையும்?" என்பது நல்ல கேள்வி. வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், நிழற்பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, பள்ளத்தில் போய்த் தங்கும். மேலே 4 டிகிரி இருக்கும்போதே புல்லில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

ஆகவே இரண்டு சென்சார் வையுங்கள். ஒன்று புல்லை ஒட்டி, மற்றொன்று இடுப்புக்கு மேல் உயரத்தில் ஒரு குச்சியில். கிட்டில் வருகிற நீல நிற டிஹெச்டி11 இதற்கு உதவாது. அது 0 முதல் 50 டிகிரி வரைதான் அளக்கும், 2 டிகிரி முன்பின் காட்டும். நமக்கு வேண்டிய இடமே பூஜ்யம். டிஎஸ்18பி20 என்ற, ஸ்டீல் உறை போட்ட, தண்ணீர் புகாத வகையை வாங்குங்கள். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். இரண்டு சென்சாரையும் ஒரே பின்னில் மாட்டலாம். டேட்டா கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். திரையில் மைனஸ் 127 வந்தால் ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். 85 என்று வந்தால், சென்சார் அளந்து முடிப்பதற்குள் நீங்கள் படித்துவிட்டீர்கள். இரண்டுமே வெப்பநிலை அல்ல.

சோதிக்க, ஐஸ் கட்டியைப் பொடியாக உடைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, உள்ளே விடுங்கள். 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் வைத்துவிட்டு "100 வரலை, சென்சார் டூப்ளிகேட்" என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்சார் உண்மையைத்தான் சொன்னது.

கீழ் சென்சார் 2 டிகிரிக்கு இறங்கியதும் பஸ்ஸர் அடிக்கட்டும். ஸ்பிரிங்க்ளர் போடுகிறவர்கள் எழுந்து மோட்டாரை ஓட்ட நேரம் கிடைக்கும். பவர் விஷயத்தில் கவனம்: சதுர 9 வோல்ட் பேட்டரியில் ஊனோ ஒரு இரவு தாங்காது. பவர் பேங்க் போட்டால், இழுக்கும் கரன்ட் குறைவு என்று நினைத்து அதுவே அணைந்துவிடுவது உண்டு. செல்போன் சார்ஜரில் மாட்டி, போர்டை வீட்டுக்குள் வைத்து, சென்சார் ஒயரை மட்டும் வெளியே விடுவதே நல்லது. பனித்துளி போர்டில் படவும் படாது.

மழைமானி இதைவிடச் சுவாரஸ்யம், கைவேலையும் அதிகம். ஒரு புனல், அதற்குக் கீழே சீசா பலகை போல இருபக்கமும் சாயும் இரண்டு சின்னக் கிண்ணங்கள், ஒரு காந்தம், காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு ரீட் சுவிட்ச். ஒரு பக்கம் நிறைந்ததும் சாயும், காந்தம் சுவிட்சைத் தாண்டும், எண்ணிக்கை ஒன்று கூடும். புனலின் வாய் 11 செ.மீ. குறுக்களவு என்றால் பரப்பு 95 சதுர செ.மீ. ஆக, 1 மி.மீ. மழை என்பது 9.5 மில்லி தண்ணீர். ஊசி போடுகிற சிரிஞ்சால் 100 மில்லியை மெதுவாக விட்டு எத்தனை தடவை சாய்கிறது என்று எண்ணுங்கள். 20 தடவை என்றால் ஒவ்வொன்றும் 5 மில்லி, அதாவது அரை மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு சாய்வை மூன்றாக எண்ணினால் சுவிட்ச் துள்ளுகிறது. ஒரு முறை எண்ணிய பிறகு 200 மில்லிசெகண்டுக்கு வேறெதையும் எண்ணாதே என்று எழுதிவிடுங்கள். மழை என்றால் இங்கே கரன்ட் போகும், எண்ணிக்கையும் அழியும். அதனால் மணிக்கொரு முறை ஈஈப்ராமில், அதாவது கரன்ட் போனாலும் அழியாத நினைவகத்தில், எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் எழுதாதீர்கள். ஓர் இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதும் வரைக்கும்தான் அதற்கு உத்தரவாதம்.

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இந்தக் கருவி அன்று அங்கே இருந்திருந்தால் 1,500 தடவைக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். அவ்வளவு வேகமான மழையில் கிண்ணம் சாயும் நேரத்திலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதால் கணக்கு குறைவாகத்தான் வரும். எவ்வளவு குறையும் என்று குழாயைத் திறந்துவிட்டுப் பார்ப்பதே ஒரு தனி ப்ராஜெக்ட்.

ஆனால் இதற்கு "நிலச்சரிவு எச்சரிக்கைக் கருவி" என்று பெயர் வைக்காதீர்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு மாணவர் கருவி சத்தம் போடவில்லை என்று நம்பி ஒரு குடும்பம் வீட்டுக்குள் இருந்துவிடக் கூடாது. மழை அளக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் இயங்குகிறது. அதை உருவாக்கிய விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் அதற்குத் தேடிப் பிடித்தது வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவை. ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. இதையே மேசைமேல் செய்யலாம். ஒரு பலகையின் வடக்கு முனையை 11 டிகிரி தூக்கி வைத்து, அதில் சொன்ன கோணத்துக்குத் திரும்பும் ஒரு சின்ன சர்வோ மோட்டார், நடுவில் அட்டைத் தடுப்பு, இருபுறமும் வெளிச்சத்தை உணரும் ஒவ்வொரு எல்டிஆர். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் திரும்பு என்று எழுதினால் சூரியனைத் தொடரும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், கிரவுண்டை மட்டும் போர்டோடு சேருங்கள். போர்டிலிருந்தே எடுத்தால் மோட்டார் இழுக்கும்போதெல்லாம் ஊனோ ரீசெட் ஆகும்.

டீ ஃபேக்டரியில் வேலை பார்க்க நினைப்பவர்கள், அதே டிஎஸ்18பி20 இரண்டை எடுத்து ஒன்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றுங்கள். உலர்ந்ததற்கும் ஈரமானதற்கும் உள்ள வித்தியாசம் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லும். அதைப் பார்த்துத்தான் தேயிலைக் கொழுந்தை வாட்டும் தொட்டியில் காற்றை எப்படி விடுவது என்று முடிவு செய்கிறார்கள். மூடுபனி நாளில் வெளியே வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இதற்கு மேல் சோதனை வேண்டாம்.

ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வாங்கி வீட்டு லைட்டைப் போட்டு அணைக்க ஆசைப்படாத மாணவரே இல்லை. 230 வோல்ட்டை பிரெட்போர்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. எலக்ட்ரீஷியன் டிரேட் படிப்பவராக இருந்தாலும் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, மூடிய பெட்டிக்குள், ஃபியூஸ் வைத்துத்தான். காட்டு மாட்டையும் பன்றியையும் விரட்டக் கம்பியில் கரன்ட் விடுகிற யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மனித உயிர் போயிருக்கிறது, யானையும் செத்திருக்கிறது, சட்டப்படி குற்றமும்கூட.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல லேப்களில் போர்டுகள் சீல் பிரிக்காமல் பீரோவில் இருக்கின்றன, "ஆடிட் வரும்" என்ற பயத்தில். ஒரு போர்டு எரிந்தால் சில நூறு ரூபாய். வெளியே எடுத்துக் கொடுங்கள். மதிப்பெண் போடும்போது பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல், எங்கே தப்பு வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதிய நோட்டைப் பாருங்கள்.

எந்த மாதத்தில் எதை முடிப்பது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளைகள் மழைமானியை மே கடைசிக்குள் கூரைமேல் ஏற்றிவிட வேண்டும், தென்மேற்குப் பருவமழை அவர்களுக்குத்தான் முதலில். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழையே பெரிது, அக்டோபர் முதல் வாரம் வரை நேரம் இருக்கிறது. உறைபனிக்கான சென்சாரை நவம்பரிலேயே ஐஸ் தண்ணீரில் சோதித்து வைத்துவிடுங்கள்.