கடிகாரத்தின் முதுகில் ஒரு பெயர்

என் மேசை இழுப்பறையில் ஓடாத பாக்கெட் கடிகாரம் ஒன்று கிடக்கிறது. வெள்ளிப் பின்மூடி, அதில் மூன்று ஆங்கில முதலெழுத்துகள், கீழே 1927. யாரோ யாருக்கோ கொடுத்தது என்ற அளவில்தான் அதைப் பார்த்துவந்தேன். ஒருநாள் கண்ணில் லென்ஸைச் செருகிப் பார்த்தபோது, மூடியின் குறுக்கே ஓடும் ஒரு கீறல் நடு எழுத்தின் ஓரத்தில் நின்று, மறுகரையில் மீண்டும் தொடங்குவது தெரிந்தது. கீறல் முதலில் விழுந்ததா, எழுத்து முதலில் வெட்டப்பட்டதா? பழைய கடிகாரங்களை வாங்குகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். பதில் சொல்ல, எழுத்து எப்படி வெட்டப்படுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கையால் வெட்டுகிறவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன உளியைப் பிடித்திருப்பார். அதன் முனை சாய்சதுரமாகத் தீட்டப்பட்டிருக்கும். அதை உலோகத்தில் சாய்வாக ஊன்றித் தள்ளினால், முன்னால் மெல்லிய சுருளாக உலோகம் கழன்று வரும். பின்னால் 'வி' வடிவப் பள்ளம் விழும். வளைவு வரும்போது கை பெரும்பாலும் திரும்பாது. மற்றக் கையால் மூடியைத்தான் உளிக்கு எதிரே சுழற்றுவார். உளியைச் சற்றுச் சரித்தால் பள்ளம் அகலமாகும், நிமிர்த்தினால் ஒடுங்கும். பழைய எழுத்துகளின் கோடு தடித்து மெலிந்து ஓடுவது இதனால்தான். புதிதாக வெட்டிய பள்ளத்தின் இரண்டு சுவர்களும் கண்ணாடி மாதிரி மின்னும். கடிகாரத்தை லேசாக அசைத்தாலே ஒளி எழுத்துக்கு எழுத்து தாவும்.

பான்டோகிராஃப் இயந்திரத்துக்கு இந்தச் சாயல் வராது. அதில் பெரிய அச்செழுத்தின் பள்ளத்தில் ஒரு ஊசியை ஓட்டுவார்கள். இணைகர வடிவில் கோத்த கம்பிகள் அந்த அசைவைச் சுருக்கி, மறுமுனையில் இருக்கும் வைர நுனிக்குக் கடத்தும். கோட்டின் அகலம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றுபோலவே இருக்கும். லேசர் வெட்டுவதே இல்லை. உலோகத்தை உருக்கி ஆவியாக்குகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பள்ளத்தின் அடி கரடுமுரடாக, உறைந்த குழம்புபோல இருக்கும். 1920களின் தேதியோடு இப்படி ஓர் எழுத்தைப் பார்த்தால் கடிகாரத்தைப் பேசாமல் கீழே வைத்துவிடலாம்.

எந்த உலோகம் என்பதும் முக்கியம். தங்கமும் வெள்ளியும் உளிக்கு இணங்கிப் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முரண்டு பிடிக்கும்: உளி வெட்டாமல் ஒருமுறை வழுக்கிவிட்டால் போதும், உரசிய இடம் முன்பைவிடக் கடினமாகிவிடும். முலாம் பூசிய கடிகாரம் இன்னொரு விதம். தங்கப் பூச்சின் தடிமன் 10 அல்லது 20 மைக்ரான்; கையால் வெட்டிய எழுத்தின் ஆழம் சுமாராக 100 மைக்ரான். ஆகவே உளி தங்கத்தைத் தாண்டி, அடியில் இருக்கும் பித்தளைக்குள் இறங்கிவிடும். அங்கே வியர்வை பட்டுப் பட்டு, பாசம் மிகுந்த வாசகம்தான் முதலில் பச்சை பிடிக்கும்.

தேய்ந்துபோன எழுத்தைப் படிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு டார்ச் போதும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரம்தான் எழுத்தின் ஓரத்தில் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒளி 60 டிகிரி கோணத்தில் மேலிருந்து விழுந்தால் அந்த ஓரத்தின் நிழல் 0.006 மி.மீ. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து 5 டிகிரிக்கு இறக்குங்கள். அதே ஓரம் 0.11 மி.மீ. நிழலை வீசும். நல்ல கண்ணுக்கு அது போதும். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினால், ஒவ்வொரு திசைக்கும் வேறு வேறு கோடுகள் எழும்பி வரும்.

ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் வெளியிட்ட முறையும் அடிப்படையில் இதுதான். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் இடம் மாற்றிப் பல படங்கள் எடுப்பார்கள். கணினி அவற்றைச் சேர்த்து, பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடும். அப்புறம் திரையில் எந்தக் கோணத்திலிருந்து வேண்டுமானாலும் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கலாம். 2005இல் ஆன்டிகிதெரா என்னும் பழங்காலக் கிரேக்கப் பொறியின் தேய்ந்த எழுத்துகளைப் படிக்க இதைப் பயன்படுத்தினார்கள். அதுவும் பற்சக்கரங்களால் காலத்தைக் கணக்கிட்ட கருவிதானே!

சரி, கீறலுக்கு வருவோம். பள்ளத்துக்குள் கீறல் இல்லை என்பதால் எழுத்து பிந்தியது என்று அவசரப்படக் கூடாது. ஒரு ஆணி உரசிக்கொண்டு போனாலும் ஒடுக்கமான பள்ளத்தைத் தாண்டித்தான் குதிக்கும். பார்க்க வேண்டியது பள்ளத்தின் உதடு. கீறல் பிந்தியது என்றால், அது வந்த பக்கத்தில் உதட்டு உலோகம் பள்ளத்துக்குள் துளி இழுபட்டுத் தொங்கும், எதிர்க் கரையில் சிறு நசுங்கல் இருக்கும். எழுத்து பிந்தியது என்றால், உளி கீறலைக் கத்தியால் நறுக்கியதுபோல் துண்டித்திருக்கும். என் கடிகாரத்தில் உதடு இழுபட்டிருக்கிறது. எழுத்துதான் மூத்தது. பல வருடம் பையில் உரசி, துணியால் துடைபட்ட எழுத்தின் ஓரங்கள் உருண்டுபோவதும், பள்ளத்தில் அழுக்கு கறுத்து இறுகுவதும் கூடுதல் சாட்சிகள். விற்பதற்காக நேற்று வெட்டியதில் பிசிறு விரல் நகத்தில் தட்டும்.

தேய்த்து அழித்த பெயரை மீட்க முடியுமா? துப்பாக்கியின் அழிக்கப்பட்ட எண்ணைத் தடயவியலாளர்கள் அமிலம் தடவி வரவழைப்பார்கள். அச்சால் ஓங்கி அடித்த எண்ணின் அடியில் உலோகப் படிகங்கள் நசுங்கியிருக்கும். மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் மிஞ்சும், அமிலம் அந்த இடத்தை வேறு வேகத்தில் அரிக்கும். உளியோ அடிப்பதில்லை, சீவுகிறது. அடியில் விட்டுவைக்கும் நசுங்கல் மிகக் குறைவு. ஆகவே பெயர் தெரியாதவரின் எழுத்து விலையைக் குறைக்கிறது என்று வியாபாரி நன்றாகப் பாலிஷ் போட்டுவிட்டால், பெரும்பாலும் போனது போனதுதான். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பெயர் தெரிந்தவரின் கதை வேறு. கார் பந்தயத்தில் இறங்கிய நடிகர் பால் நியூமனுக்கு மனைவி ஜோன் உட்வர்ட் கொடுத்த ரோலெக்ஸின் முதுகில் 'பார்த்து ஓட்டு, நான்' என்ற பொருளில் மூன்றே சொற்கள். அது 2017இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது.

எனக்குப் பிடித்தது யாரும் பார்க்காத இடத்தில் கீறிய எழுத்து. பழுதுபார்ப்பவர்கள் மூடியின் உட்புறம் ஊசியால் தேதியும் எண்ணும் கீறிவைப்பது பழைய வழக்கம். ஆபிரகாம் லிங்கனின் தங்கப் பாக்கெட் கடிகாரம் 1861 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு கடையில் பழுதுக்கு வந்திருந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கிய செய்தி வந்தபோது அதைக் கையில் வைத்திருந்தவர் ஜொனாதன் டில்லன். டயலைக் கழற்றி, உள்ளே பித்தளைத் தகட்டில் ஏதோ கீறிவிட்டு மூடினார். 1906இல், 84 வயதில், ஒரு செய்தித்தாளிடம் அதைச் சொன்னார்: முதல் குண்டு வெடித்துவிட்டது, அடிமைமுறை செத்தது, முயன்றாவது பார்க்கும் ஒரு ஜனாதிபதி கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்று எழுதினாராம்.

2009 மார்ச்சில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அதைத் திறந்தார்கள். எழுத்து இருந்தது. ஆனால் அடிமைமுறை பற்றி ஒரு சொல் இல்லை. கலகக்காரர்கள் சம்டர் கோட்டையைத் தாக்கினார்கள், நமக்கொரு அரசாங்கம் இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி, அவ்வளவுதான். தேதி ஏப்ரல் 13. தாக்குதல் தொடங்கியதோ 12. கோட்டையின் பெயரிலும் ஓர் எழுத்து கூடுதல். 45 வருடம் அவர் மனதுக்குள் மெருகேறிய வாசகம் ஒன்று, தகட்டில் கிடந்தது இன்னொன்று. கூடவே, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு கீறலும் அங்கே இருந்தது: 'ஜெஃப் டேவிஸ்'. லிங்கனை எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலத் தலைவரின் பெயர். அதைக் கீறியவர் டில்லனைப் போலக் கையெழுத்துப் போடவில்லை.