வரைபடத்தில் 830 கிலோமீட்டர்

ஸ்காட்லாந்தின் வட கடற்கரையைக் காரில் சுற்றிவர ஒரு வாரம் போதுமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் என்னிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். போன மாதம் வந்த முன்னாள் மாணவர் ஒருவர், ஏழு நாள் திட்டத்தை அச்சிட்டே கொண்டுவந்திருந்தார். சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு காப்பிக்கடை மேசையில் தாளை விரித்துவிட்டு, "சார், கோலாலம்பூர் 350 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறேன். இதில் ஒரு நாளைக்கு 150கூட வரவில்லையே" என்றார்.

அவர் வகுத்த கணக்கில் பிழையில்லை. இன்வர்னஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் அந்தப் பாதைக்கு 2015இல் 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயரிட்டார்கள். மொத்தத் தொலைவு 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். ஆனால் கோலாலம்பூருக்குப் போவது நெடுஞ்சாலைப் பயணம். இங்கேயோ மேற்குக் கரையிலும் வடகரையிலும் பல பகுதிகளில் சாலையின் அகலமே ஒரு காருக்குத்தான் போதும். சட்டப்படி 60 மைல் வேகம் வரை போகலாம் என்றாலும், வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மேற்குக் கரையில் மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, திட்டத்தைக் கிலோமீட்டரில் அல்லாமல் மணி நேரத்தில் எழுதுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

இந்த ஒற்றைத் தடச் சாலைகளில் சற்றுத் தூரத்துக்கொரு முறை ஓரத்தை அகலப்படுத்தி, வெள்ளைப் பலகை நட்டு, எதிரே வரும் வாகனத்துக்கு வழிவிட ஒதுங்கிடம் அமைத்திருப்பார்கள். ஒதுங்கிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே உங்கள் தடத்திலேயே நின்று, எதிரே வருபவரை அதற்குள் ஒதுங்கிப் போகவிட வேண்டும். மேடேறி வரும் வாகனத்துக்கு இயன்றவரை வழிவிடுவது முறை. படம் எடுப்பதற்காக அங்கே காரை நிறுத்துவது தவறு. பின்னால் வருபவருக்கு அவசரமென்றால் அவரை முன்னே போகவிடவும் அதே இடம்தான். தீவு விரைவுச்சாலையில் பழகிய நமக்கு இது ஏனோ தோற்றுப்போவது போலத் தோன்றுகிறது.

நானே அங்கு ஒரு முறை திணறியிருக்கிறேன். ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு வடக்கே இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது, எதிரே ஒரு கேம்பர் வேன் ஏறி வந்தது. எனக்கு அருகிலிருந்த ஒதுங்கிடம் பின்னால் முப்பது மீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு பக்கம் கடலை நோக்கிய சரிவு, மறுபக்கம் நீர் நிறைந்த ஓடை. பின்புறக் கேமராவின் மேல் சேறு படிந்து திரை முழுவதும் பழுப்பாகத் தெரிந்தது. பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பி, அடிக்கடி நின்று நின்று நான் பின்னேறி முடிப்பதற்குள், சாலையோரம் படுத்திருந்த ஆடு ஒன்று எழுந்து வந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. இருபது ஆண்டுகளாகப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பவனுக்கு அன்று உள்ளங்கை வியர்த்தது.

அதே வட்டாரத்தில்தான் 'பியாலக் ந பா' இருக்கிறது. மாட்டுக் கணவாய் என்று பொருள்படும் அந்தச் சாலை, கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்குக் கொண்டையூசி வளைவுகளில் ஏறுகிறது. ஓட்டப் பழகுபவர்களுக்கும் பெரிய வாகனங்களுக்கும் ஏற்றதல்ல என்று அடிவாரத்திலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆகவே இன்வர்னஸிலிருந்து கடிகார முள்ளின் எதிர்த்திசையில் புறப்படுங்கள். விக் நகர் வரை கிழக்குக் கரைச் சாலை பெரும்பாலும் இருவழி. அதில் கார் கைக்குப் பழகிவிடும். தர்சோ, டர்னஸ், உல்லாப்பூல் என்று வந்து சேர்வதற்குள் ஒற்றைத் தடமும் பழகியிருக்கும். அப்போதும் அச்சமாக இருந்தால், ஆப்பிள்கிராஸுக்கு ஷீல்டேக் வழியாகக் கரையோரச் சாலை உண்டு.

மாணவரின் திட்டத்தில் என்னை உண்மையில் கலங்கவைத்தது முதல் நாள்தான். லண்டனுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் பறந்து, விமானம் மாறி, இன்வர்னஸில் இறங்கியவுடன் காரை எடுத்துக்கொண்டு மாலை 4 மணிக்குப் புறப்படுவதாக எழுதியிருந்தார். கோடைக்காலத்தில் அது நமக்கு இரவு 11 மணி. ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்குப் பிறகே சூரியன் மறைவதால், வெளிச்சம் இருக்கிறதே என்று கண் ஏமாறும், உடல் ஏமாறாது. முதல் இரவு இன்வர்னஸிலேயே தூங்க வேண்டும். அடுத்த நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை குறைந்தது 15 நிமிட ஓய்வு என்று பிரிட்டனின் சாலை விதிநூலே கூறுகிறது.

மற்றவை சிறியவை. தானியங்கி கியர் காரை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் நம் 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் அத்தகைய காரையே முன்பே சொல்லிவைக்க வேண்டும். டயர், முன்கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கான சேதத்தைப் பல வாடகைக் காப்புறுதிகள் ஏற்பதில்லை. கையொப்பமிடும் முன் படியுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக மலேசியாவுக்குள் செல்ல முக்கால் தொட்டி பெட்ரோல் வேண்டும் என்ற நம் விதியை அங்கேயும் ஏறக்குறையக் கடைப்பிடியுங்கள். கிராமத்துப் பெட்ரோல் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. வாகனம் ஓட்டுபவருக்கு மதுவின் வரம்பு சிங்கப்பூரில் மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம், ஸ்காட்லாந்தில் 22தான். முந்தைய இரவு குடித்தது மறுநாள் காலையிலும் அதைத் தாண்டக்கூடும்.

மாணவர் தாளை மாற்றி எழுதினார். ஜான் ஓ குரோட்ஸில் ஒரு இரவும் உல்லாப்பூலில் இரண்டு இரவுகளும் கூடின, நான்கு இடங்கள் கழிந்தன. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தம் புளோக்கின் கார்ப்பேட்டை மேல்தளத்தில், கேமராத் திரையின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, பின்னோக்கி ஓட்டிப் பழகுகிறார்.