சால்மன் தூண்டிலுக்குப் புதியவரா? பணத்தை முதலில் லைனில் போடுங்கள்

ஸ்காட்லாந்தில் பெர்த் நகரைச் சுற்றியுள்ள டே நதிக்கரைகளில் சால்மன் மீனுக்கு ஃப்ளை, அதாவது முடியும் இறகும் கட்டிய போலி இரை, வீசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். முதல் வகுப்புக்கு வரும்போதே எல்லாச் சாமானையும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ராட் (தூண்டில் கோல்) நன்றாக இருக்கும், ரீல் (லைனைச் சுற்றி வைக்கும் உருளை) அதைவிட நன்றாக இருக்கும். லைன் (வீசும் தடித்த நூல்) மட்டும் அந்த ராடுக்குச் சேராததாக இருக்கும். அரை மணி நேரம் வீசிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கை வரவில்லை" என்பார்கள். என்னிடம் இருக்கும் சரியான லைனை அதே ராடில் மாட்டிக் கொடுத்தால், அதே கை ஒழுங்காக வீசும். இப்படிக் காசையும் நம்பிக்கையையும் ஒன்றாக இழக்க வேண்டியதே இல்லை.

காரணம் எளிது. மற்றத் தூண்டில் முறைகளில் ஈயக் குண்டோ உலோகத் தகடோ தன் எடையால் நூலை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளையில் எடை என்று சொல்ல எதுவும் இல்லை. கொஞ்சம் முடியும் இறகும் ஒரு கொக்கியும்தான். பறப்பது லைன், ஃப்ளை அதன் பின்னால் போகிறது. லைனின் எடைதான் ராடை வளைக்கும், வளைந்த ராடு நிமிரும்போதுதான் லைன் முன்னே போகும். எடை குறைந்தால் ராட் விறைத்து நிற்கும். கூடினால் தொய்ந்துபோகும். விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டும் ராடானாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே கடைக்குப் போனதும் முதலில் ராடை எடுக்காதீர்கள். மொத்தமாக எவ்வளவு செலவழிக்கப் போகிறோம் என்று முடிவு செய்து, அதில் நல்ல லைனுக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் ராட், அதற்கும் பிறகு ரீல்.

லைனில் புதியவருக்கு வேண்டியது நீளம் குறைந்த முன்பகுதி. எடை முழுவதும் இருக்கும் இந்தத் தடித்த பாகத்தை ஹெட் என்பார்கள். இரு கைகளால் வீசும் ஸ்பே முறைக்கான பழைய லைன்களில் இது 65 அடியும் அதற்கு மேலும் இருக்கும். பழகிய கைக்கு அது அழகு, புதிய கைக்குச் சோதனை. ராடின் நீளத்தைப்போல மூன்று முதல் மூன்றரை மடங்கு, அதாவது 13 அடி ராடுக்குச் சுமார் 40 முதல் 45 அடி ஹெட் இருந்தால் சீக்கிரம் பழகிவிடும். பின்னால் மரங்கள் நெருங்கி நிற்கும் கரையிலும் அதை வீசலாம். மிதக்கும் லைன் ஒன்றே ஒன்று போதும்.

"அப்போது மார்ச் மாதக் குளிரில், தண்ணீர் பெருகி ஓடும்போது ஆழத்துக்கு எப்படிப் போவது?" என்று கேட்பார்கள். அமிழும் லைன்கள் இரண்டு மூன்று வாங்கச் சொல்லும் கடைகள் உண்டு. அதற்குப் பதில் பாலிலீடர்கள் எனப்படும் நுனித் துண்டுகளை வாங்குங்கள். 10 அடி நீளத்தில், வெவ்வேறு வேகத்தில் அமிழும் வகைகளில் வரும் இவற்றை மிதக்கும் லைனின் நுனியில் கண்ணிக்குக் கண்ணி கோத்துவிடலாம். மெதுவாக அமிழ்வது ஒன்று, வேகமாக அமிழ்வது ஒன்று. இரண்டும் சேர்ந்தே இன்னொரு லைனின் விலைக்கு வெகு கீழே நிற்கும். டே போன்ற பெரிய ஆற்றில் தண்ணீர் நிரம்பி ஓடும் நாளில் இது முழுத் தீர்வாகாது என்பது உண்மை. ஆனால் தொடக்கக்காரர் அந்த மாதிரி நாளில் இறங்கவே கூடாது.

ராடுக்கும் லைனுக்கும் எடை வகையைக் காட்ட ஓர் எண் உண்டு. பழைய லைன் கையில் இருந்து, எந்த எண் என்று தெரியவில்லையா? சமையலறைத் தராசு போதும். ஹெட் பகுதியை மட்டும் சுருட்டித் தராசில் வையுங்கள். பின்னால் வரும் மெல்லிய ஓட்ட லைன் வெளியே தொங்கலாம், ஆனால் தராசை இழுக்கக் கூடாது. இப்போதைய ராடுகள் பலவற்றில், கைப்பிடிக்கு மேலே, எத்தனை கிராம் லைன் அதற்குச் சேரும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். 8 அல்லது 9 எண் ராட் என்றால் பெரும்பாலும் 30-லிருந்து 36 கிராமுக்குள் வரும். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 9 இன்னொரு நிறுவனத்தின் 8-ஆக இருக்கும். கிராம் கணக்கில் இந்தக் குழப்பம் வராது.

சரி, ராட். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 13 அடி, 8 அல்லது 9 எண், இரு கைகளாலும் பிடித்து வீசும் ராட். டே, ட்வீட், ஸ்பே போன்ற அகன்ற ஆறுகளுக்கு 14 அடி இன்னும் வசதிதான். ஆனால் நாள் முழுக்க வீசும்போது அதன் பாரம் புதிய தோளுக்குத் தெரியும். ஷேக்ஸ்பியர் ஆரக்கிள் ஸ்பே மாதிரி விலை மலிவான ராடுகளை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அவை நிதானமாக, ஆழமாக வளையும். அவசரப்படும் கையை மன்னிக்கும். விலை உயர்ந்த, விறைப்பான ராடு கணம் தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பயன்படுத்திய ராடு வாங்குவதில் தவறே இல்லை. அதில் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ராடில் லைன் ஓடும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, அது லைனை அறுக்கும். துண்டுகளை மாட்டிப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூட்டில் மிகச் சிறிய இடைவெளி தெரிவது நல்லது, தேய்ந்த மூட்டில் அது இருக்காது. பிறகு மூட்டைச் சுற்றி விரல் நகத்தால் தடவுங்கள், நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் நகத்தில் தட்டும். ஸ்பே வீச்சில் ராடு முறுக்குப்படுவதால் மூட்டுகள் தானாகத் தளரும். தளர்ந்த மூட்டில்தான் ராடுகள் பெரும்பாலும் உடைகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டால் அந்தக் கவலை போய்விடும்.

ரீலில் அதிகம் யோசிக்க வேண்டாம். லைனும், அதன் பின்னால் பேக்கிங் எனப்படும் மெல்லிய நூல் 100 முதல் 150 மீட்டரும் பிடிக்க வேண்டும், பிரேக் திக்கித் திணறாமல் விட வேண்டும். எடை குறைந்த ரீலுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். நீளமான இரு கை ராடில் கொஞ்சம் கனமான ரீல்தான் கைப்பிடியைச் சமன் செய்யும்.

ஃப்ளையைக் கட்டும் நுனி நைலான் 12 முதல் 15 பவுண்டு இழுவை தாங்கட்டும். மெல்லியது வைத்தால் அதிகம் மாட்டும் என்ற ஆசையில் மீனை நீண்ட நேரம் இழுத்துச் சோர வைக்காதீர்கள். ஃப்ளைகளும் பெட்டி நிறைய வேண்டாம். பிட்லோக்ரியைச் சேர்ந்த ஆலி கோவன்ஸ் உருவாக்கிய கேஸ்கேட், அதோடு வில்லி கன், ஸ்டோட்ஸ் டெயில், சன்ரே ஷேடோ. இந்த நான்கும் இரண்டு மூன்று அளவுகளில் இருந்தால் போதும். ஆற்றுக்குத் திரும்பி வரும் சால்மன் இரை தேடுவதில்லை. அதனால் எந்த வடிவம் என்பதைவிட எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் அதன் முன்னால் போகிறது என்பதே முக்கியம்.

இவ்வளவு மிச்சப்படுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடம் உயிர்க்காப்பு. தானாக விரியும் உயிர்காப்பு அங்கியைப் புதிதாக வாங்குங்கள். யாரிடமிருந்தோ வரும் பழையதில் வாயுக் குப்பி துருப்பிடித்திருக்கிறதா, ஏற்கெனவே வெடித்துக் காலியாகிவிட்டதா என்று பார்த்த உடனே தெரியாது. உங்களுடையதையும் அவ்வப்போது கழற்றி, குப்பி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மார்பு வரை வரும், நீர் புகாத வேடர்ஸ் உடைக்கு மேல் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். ஊன்றுகோலுக்குக் காசு கொடுக்கக்கூட வேண்டாம். உறுதியான மரக் கழி, அதை உடம்போடு கட்ட ஒரு கயிறு, அவ்வளவுதான். கண்ணாடி இல்லாமல் யாரையும் நான் தண்ணீரில் இறங்க விடுவதில்லை. காற்று திசை மாறும் ஒரு கணத்தில் கொக்கி முகத்தை நோக்கி வரும், கண்ணுக்கு மாற்று கிடையாது.

மீனுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். 2023 டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1-க்கு முன் பிடிபடும் சால்மனைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும். மீன்வளம் குறைந்த ஆறுகளில் ஆண்டு முழுவதும் அதுதான் சட்டம். எனவே கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முடிச்சில்லாத ரப்பர் வலையில் மட்டும் கொஞ்சம் தாராளமாகச் செலவழியுங்கள். முடிச்சு வலை செதிலை உரித்துவிடும்.

பயன்படுத்திய சாமான் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. ஜைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்னும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணி 1970-களிலிருந்து நார்வேயின் பல ஆறுகளில் சால்மன் குஞ்சுகளை அழித்திருக்கிறது. பிரிட்டனுக்குள் அது இன்னும் நுழையவில்லை. ஈரமான வேடர்ஸும் வலையும் அதைச் சுமந்து வரலாம். கிருமிநீக்கம் செய்து, தையல்கள் உட்பட முழுவதும் காய்ந்த பிறகே இங்குள்ள ஆற்றில் இறங்குங்கள்.

அப்புறம், வாங்குவதற்கு முன்பே ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விடுங்கள். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ராடும் லைனும் கொடுப்பார்கள். சில ஆற்றுப் பகுதிகளில் கில்லி எனப்படும் வழிகாட்டியும் இரவல் தருவார். 13 அடியும் 14 அடியும் கையில் பிடித்துப் பார்த்தபின் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும். ஸ்காட்லாந்தில் அரசு உரிமம் தேவையில்லை. ஆனால் ஆற்றுப் பகுதியின் உரிமையாளரிடமோ சங்கத்திடமோ அனுமதிச் சீட்டு வாங்கியே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. இங்கிலாந்தில் அதற்கு மேல் சுற்றுச்சூழல் முகமையின் உரிமமும் வேண்டும். டே நதியின் பருவம் அக்டோபர் 15-ல் முடியும், ஜனவரி 15-ல் திறக்கும். அந்த மூன்று மாதத்தில் கடைகள் பழைய மாடல்களை விலை குறைத்துத் தள்ளுகின்றன, பயன்படுத்திய ராடுகளும் விற்பனைக்கு வரத் தொடங்கும். வாங்குவதென்றால் அப்போது வாங்குங்கள்.