விசா: பார்த்த தாளும் நுழைவிசைவும்

"இந்தியர்களுக்கு இப்போது விசா வேண்டாம். டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடு."

எங்கள் வீட்டுத் திருமணத்துக்காக என் மனைவியின் தம்பி மகனிடம் தொலைபேசியில் நான் சொன்னது இவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்து போகலாம். அந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பையன் விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பிடத்தைத் தாண்டி வெளியே வர 3 மணி நேரம் ஆயிற்று. வருகை அட்டை நிரப்பவில்லை. திரும்பும் டிக்கெட் இல்லை. கல்யாணம் முடிந்ததும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள்தான் சொல்லியிருந்தோம். எங்கே தங்குகிறாய் என்று கேட்டதற்கு 'மாமா வீட்டில், சுங்கை சிப்புட்டில்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். வெளியே அவனுடைய அத்தை கண்ணாடிக் கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். "விசாதான் வேண்டாம் என்கிறார்களே, பிறகு என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?" என்று பத்து முறையாவது கேட்டிருப்பாள்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. தமிழ்ப்பள்ளியில் நெடுங்காலம் சொற்பொருள் சொல்லிக்கொடுத்தவன் நான். விசா என்ற சொல்லுக்கு மட்டும் அன்றுவரை பொருள் பார்த்ததில்லை.

விசா லத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக உலகமெங்கும் பரவிய சொல். மூலத் தொடர் 'சார்ட்டா வீசா'. சார்ட்டா என்றால் தாள்; வீசா என்றால் பார்க்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து 'பார்க்கப்பட்ட தாள்'. காலப்போக்கில் தாள் உதிர்ந்து 'பார்க்கப்பட்டது' மட்டும் நின்றது. வீடியோ என்ற சொல்லும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான். அந்த வேரோடு உறவுள்ள சொல் ஒன்று வடமொழியில் 'வித்' என்று இருக்கிறது. பார்த்தவன் அறிந்தவன் ஆகிறான் என்ற பொருள்வழியில் வேதம், வித்தை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆக, நம் பாட்டிமார் குழந்தைக்கு 'வித்தை காட்டு' என்று சொன்னதும், கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) ஒட்டும் விசாவும் தூரத்துச் சொந்தம்.

அனுமதி, இசைவு, உரிமை ஆகிய எதுவும் இந்த மூலச் சொல்லில் இல்லை. ஒருவர் தம் நாட்டு அரசிடம் பயணத் தாள் வாங்கிக்கொண்டு கிளம்புவார். போக வேண்டிய நாட்டின் அதிகாரி அந்தத் தாளைப் படித்துப் பார்த்து, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் இடுவார். விசா அவ்வளவுதான். நம் அலுவலகத் தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் மேலொப்பம். ஒருவர் ஒப்பமிட்ட தாளில் இன்னொருவர் பார்த்துச் சரி என்று மேலே இடும் ஒப்பம். முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடப்பிதழே இல்லாமல் ரயிலேறிப் போக முடிந்தது. போர் வந்தது, எல்லைகள் இறுகின, போர் முடிந்த பிறகும் அவை தளரவில்லை. 1920இல் பாரிசில் நாடுகள் கூடிக் கடப்பிதழின் வடிவத்தைப் பற்றிப் பேசின. 'பார்த்தேன்' என்ற மேலொப்பம் இதே காலத்தில்தான் 'வா' என்று சொல்லும் அதிகாரமாக வளர்ந்தது.

முத்திரையிட்டு உள்ளே விடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அர்த்தசாஸ்திரத்தில் முத்திரைக்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார். ஒரு மாஷகம் காசு வாங்கிக்கொண்டு முத்திரை கொடுப்பது அவர் வேலை. முத்திரை இல்லாதவர் நாட்டுக்குள் வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பண்ட மூட்டைகளின்மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே அனுப்புகிறார்கள். அது மனிதருக்கு இட்ட முத்திரை அல்ல, சரக்குக்கு இட்டது. ஆனால் 'அரசு பார்த்துவிட்டது' என்று சொல்ல ஒரு குறி வேண்டும் என்ற எண்ணம் ஒன்றுதான்.

எங்கள் மூதாதையர் மலாயாவுக்கு வந்த கதையிலும் இந்தப் 'பார்த்தல்' இருக்கிறது. ஆள் சேர்க்கும் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் கிராமத்துக்குப் போய் சனங்களை அழைத்து வந்தவர் கங்காணி. அந்தச் சொல்லைப் பிரித்தால் கண் காணி, கண்ணால் காண்பவர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, உடம்பைச் சோதித்து, கப்பலேற்றினார்கள். பினாங்கில் இறங்கியவர்களைப் பூலாவ் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி மறுபடியும் பார்த்தார்கள். பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, நடந்து வந்தவர்களை இத்தனை பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் கப்பல் கட்டணத்தைப் பிறர் ஏற்ற உதவிப்பயணத்தில் வந்த கூலிகளுக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதெல்லாம் கங்காணிக்கும் தோட்ட எழுத்தரான கிராணிக்கும் தெரிந்த விஷயமாகவே இருந்தது. தன் தாளைத் தானே படித்துப் பார்க்கும் பழக்கம் லயத்து வீடுகளில் அன்று வேரூன்றவில்லை. 1938இல் இந்திய அரசு இந்த வகைக் குடிப்பெயர்வை நிறுத்தியது. பத்தாண்டு கழித்து, 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. அதோடு அடையாள அட்டையும் வந்தது. சடக்கில் (சாலையில்) நிறுத்தி 'ஐசி எங்கே?' என்று கேட்கும் குரலை இந்த ஊர் அன்றிலிருந்து அறியும்.

இனி, தமிழில் விசாவுக்கு என்ன சொல்கிறோம் என்று பார்ப்போம். நுழைவிசைவு, நுழைவுச்சான்று, நுழைவாணை என்று பல சொற்கள் அச்சில் வருகின்றன. ஆணை என்பது பொருந்தவே பொருந்தாது. விசா யாருக்கும் கட்டளை இடுவதில்லை. சான்று ஓரளவு பொருந்தும். இவற்றில் நல்ல சொல் நுழைவிசைவு. இசைதல் என்றால் ஒத்துப்போதல், சம்மதித்தல். பாட்டின் இசையும் அதே அடிச்சொல்தான். நுழை என்ற வினையும் தேர்ந்தெடுத்தது போல் அமைந்திருக்கிறது. 'புகு' என்ற பழைய சொல்லை எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மருமகள் புகுந்த வீடு, அகதி புகலிடம் தேடுகிறார் என்று சொல்லும்போது புகுதல் தங்கிவிடுவதையும் காப்பையும் சேர்த்துச் சொல்கிறது. விருந்தாளியாக வந்து திரும்புகிறவருக்கு நுழைவு போதும்.

இந்த நோக்கில் பார்த்தால் எங்கள் நாட்டுத் தமிழ் இதழ்கள் வழங்கும் 'குடிநுழைவுத் துறை' எனக்கு முழு நிறைவு தரவில்லை. சுற்றுலாவுக்கு வருகிறவர் குடியாக வருவதில்லை. இலங்கைத் தமிழர் 'குடிவரவு, குடியகல்வு' என்கிறார்கள். வருவதையும் போவதையும் இரண்டு சொல்லாக வைத்திருக்கும் அந்தத் துல்லியம் எனக்குப் பிடிக்கும். அதே சமயம், கடப்பிதழ் என்ற நம் சொல்லைத் தமிழ்நாட்டின் கடவுச்சீட்டுக்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டுக்கும் வேர் 'கட' என்பதே. ஆனால் சீட்டு என்றால் ஒற்றைத் தாள். பல பக்கம் உள்ள சிறு புத்தகத்துக்கு இதழ் என்பதுதான் கண்ணுக்கு முன் நிற்கிறது.

நுழைவிசைவு என்ற சொல்லில் ஒரே ஒரு குறை உண்டு. என் வீட்டுப் பையன் மாட்டிக்கொண்ட இடம் அதுதான். 'நுழைய இசைந்துவிட்டார்கள்' என்று அது முடிவாகச் சொல்வது போல் இருக்கிறது. உண்மையில் விசா வாங்கியவரையும் எல்லையில் திருப்பி அனுப்பலாம். கிளம்புமுன் கிடைக்கும் சம்மதம் ஒன்று. வந்து இறங்கியபின் கிடைக்கும் அனுமதி வேறொன்று. மலேசியாவில் முதலாவதற்குப் பெயர் விசா, இரண்டாவதற்குப் பெயர் பாஸ். முகப்பிடத்தில் அதிகாரி குத்துவது 'பாஸ் லாவாத்தான் சோசியல்', சமூக வருகை பாஸ். இந்தியர்களுக்கு விலக்கப்பட்டது விசா மட்டும்தான். பாஸ் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ், திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். 2024 ஜனவரி 1 முதல் மின்னிலக்க வருகை அட்டையையும், வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் வேறு யாருடையதோ.

ஆகவே விசாவை 'முன்னிசைவு' என்றும், பாஸை 'வருகை அனுமதி' என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். நுழைவிசைவு என்று எழுதுபவர்கள் அப்படியே எழுதட்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். 'விசா வேண்டாம்' என்பதைத் தமிழில் 'முன்னிசைவு வேண்டாம், வருகை அனுமதி வேண்டும்' என்று சொல்லியிருந்தால் என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

மூன்றாவதாக ஒரு சொல் எங்கள் ஊரில் இவற்றோடு கலந்து கிடக்கிறது: பெர்மிட். வேலை செய்ய வரும் வெளிநாட்டவருக்குத் தரப்படுவது தற்காலிக வேலை வருகை பாஸ். பேச்சில் அது பெர்மிட் ஆகிவிட்டது. இன்று செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அந்தப் பாஸில்தான் வேலை செய்கிறார்கள். இந்தச் சொற்குழப்பத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். "விசா இல்லாமல் வந்துவிடு, இங்கே வந்து பெர்மிட்டாக மாற்றித் தருகிறோம்" என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் சொல்லும் வாக்கியத்தில் விசாவும் பெர்மிட்டும் பொருள் புரண்டு கிடக்கின்றன. சமூக வருகை பாஸில் வேலை செய்வது 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் கீழ்க் குற்றம். குறித்த நாளுக்குமேல் தங்குவதும் குற்றம். அபராதமும் சிறையும் அந்தப் பிள்ளைக்கு வர, தரகர் தப்பிவிடுவதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். சொல்லுக்குப் பொருள் தெரிந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே தொலைபேசியை வைத்திருப்பான்.

நாம் வெளியே போகும்போதும் இதே கதைதான். 'மலேசியக் கடப்பிதழுக்கு எங்குமே விசா வேண்டாம்' என்று கோப்பிக் கடைகளில் பேசுகிறார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு வேண்டாம்தான். ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாளுக்குமேல் தங்கக் கூடாது. பிரிட்டனுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்கள் மின்னணுப் பயண அனுமதி வாங்கிக்கொண்டுதான் விமானமேற முடியும். அதுவும் ஒரு 'பார்த்தாயிற்று' தான், பெயர்தான் வேறு. அமெரிக்காவுக்கு விசாவே வேண்டும். பாட்டன் ஊரைப் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போகவும் வேண்டும். மின்விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் தடுமாற்றம் பெயரில் வரும். கடப்பிதழில் நம் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே, மலாயில் மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கம் ஒரு சாய்கோட்டோடு நிற்கும். படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? கடப்பிதழின் அடியில் இரண்டு வரியாக எந்திரம் படிப்பதற்கென்று ஓர் அச்சு இருக்கிறது. அதைப் பார்த்துப் பெயரை நிரப்பச் சொல்வேன். எல்லையில் எந்திரம் பார்க்கப்போவது அந்த வரிகளைத்தான்.

சொந்த நாட்டுக்குள்ளேயும் ஒரு பாஸ் உண்டு. தீபகற்பத்திலிருந்து சரவாக்குக்குப் போகும் மலேசியரையும் கூச்சிங்கில் நிறுத்திப் பார்த்து, 90 நாளுக்கு வருகைச் சீட்டு தருவார்கள். சபா, சரவாக் மாநிலங்கள் மலேசியாவில் இணைந்தபோதே குடிநுழைவு அதிகாரத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டன.

அன்று 3 மணி நேரம் கழித்துப் பையன் வெளியே வந்தான். ஒரு மூத்த அதிகாரி பொறுமையாக உட்காரவைத்து வருகை அட்டையை நிரப்பச் சொல்லி, கைப்பேசியிலேயே திரும்பும் டிக்கெட் எடுக்கவைத்து, எங்கள் முகவரியையும் கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பியிருக்கிறார். காரில் ஏறியதும் கடப்பிதழைத் திறந்து புதிதாகக் குத்திய முத்திரையைக் காட்டினான். மை இன்னும் லேசாகப் பளபளத்தது.

"இதுதான் விசாவா, மாமா?"

"இல்லையப்பா, இது பாஸ்" என்றேன். விளக்கைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, தேதியைப் படித்தேன். 30 நாளை விரல்விட்டு எண்ணிய அவன் அத்தை, கல்யாணத்துக்குப் பிறகு இன்னும் 19 நாள் இருக்கிறது என்றாள்.