தட்டைப் பிரித்தீர்கள், ஜன்னலைத் திறந்தீர்களா?

போன வாரம் ஒரு பெண் வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகி, மாத்திரை ஆரம்பித்து நான்கு நாள் ஆகியிருந்தது. "தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிட்டோம் டாக்டர். மாறிடக் கூடாதுன்னு தட்டுக்கு அடியில சிவப்பு நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சிருக்கேன்" என்றார் மாமியார். சரி, ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒரே அறையில். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லையாம்.

இந்த மாதம் இது நான்காவது வீடு.

தட்டில் ஒட்டிக்கொண்டு காசநோய் வராது. டம்ளரில் வராது, துணியில் வராது, கையைத் தொட்டால் வராது. கிருமி நுரையீரலின் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தொற்றும். அங்கே அதைக் கொண்டுபோவது மூச்சுக்காற்று. இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். சின்னவை ஈரம் வற்றி, 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவில் மணிக்கணக்காக மிதக்கும். இருமியவர் வெளியே போன பிறகு அந்த அறைக்குள் நுழைகிறவரும் அதைச் சுவாசிக்கலாம்.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவர் இதைச் சோதித்தே காட்டினார். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார். நோயாளிகள் அவற்றின் பக்கமே போகவில்லை. ஆனாலும் தொற்றியது. வழியில் அதே காற்றின் மீது புறஊதா ஒளியைப் பாய்ச்சியபோது தொற்றவில்லை.

அதனால்தான் வெயிலும் காற்றும் வேண்டும் என்று கத்துகிறேன். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கொசுவுக்கு வலை இருக்கிறது. கண்ணாடியைச் சாத்திவிட்டு வெயில் வருகிறது என்று சொல்லாதீர்கள், கிருமியைக் கொல்லும் புறஊதாக் கதிரில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். நோயாளி தனியாக, காற்றோட்டமான இடத்தில் படுக்கட்டும். மற்றவர்களோடு இருக்கும்போது மாஸ்க் போடட்டும். சரியான மருந்து தொடங்கினால் பரப்பும் தன்மை வேகமாகக் குறையும். அதற்காக மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள். கழுத்தில் நெறிகட்டியாக மட்டும் வரும் காசநோய் பொதுவாக அடுத்தவருக்குப் பரவாது. அவர்களையும் ஒதுக்குகிறார்கள், அது இன்னும் கொடுமை.

தயவுசெய்து அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள். அதைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. அந்த வயதில் தொற்றினால் மூளைவரை போகக்கூடும். தடுப்பு மாத்திரை உண்டு, முதலில் பரிசோதிக்க வேண்டும். மறுநாளே கூட்டிவரச் சொன்னேன்.