ஆணே இல்லாத பூச்சியும் கணக்குத் தெரிந்த குளவியும்

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “குச்சிக்கிழங்குல மாவுப்பூச்சிங்க. மூணு தடவை மருந்தடிச்சுப் பார்த்தாச்சு, அடங்கல. இப்போ குளவி விடலாம்ங்கறாங்க. விட்ட குளவி பக்கத்துக் காட்டுக்குப் பறந்து போயிட்டா என்னங்க பண்றது? பூச்சியெல்லாம் தீர்ந்ததுக்கப்புறம் அது கிழங்கு மேல கை வெச்சா யாருங்க பொறுப்பு?”

பக்கத்துக் காட்டுக்கு, அதாவது பக்கத்து வயலுக்குப் போகும். போகத்தான் வேண்டும். கிழங்கின் மேல் கை வைக்காது, வைக்கவும் முடியாது. கடிதத்துக்கு இந்தப் பதில் போதும். ஆனால் இந்தக் குளவியைப் பற்றி எழுத எனக்கு வெகுநாளாக ஆசை, சாக்கு கிடைத்துவிட்டது.

மரவள்ளிக்குச் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்று பெயர். தண்டைச் சாண் சாணாக நறுக்கி நட்டால் முளைத்துவிடும். ஜவ்வரிசி ஆலைகள் ஓடுவது இதை நம்பித்தான். இந்தியாவில் மரவள்ளி மாவுப்பூச்சி முதன்முதலாக 2020இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. பிறகு தமிழ்நாட்டிலும் பரவியது. கோடையில் ஆத்தூர் பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போயிருந்தபோது செடிகளின் தலையைப் பார்த்தேன். குருத்து மேலே போகாமல், கணுக்கள் நெருங்கி, இலைகள் முட்டைக்கோசுபோலக் கொத்தாகச் சுருண்டிருந்தன. ஒரு கொத்தை விரலால் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு. லென்ஸை வைத்துப் பார்த்தால் மாவுக்கடியில் இளஞ்சிவப்பாக, அரிசியில் பாதிகூட இல்லாத உடல்கள், வாயைத் தண்டுக்குள் செருகிக்கொண்டு அசையாமல் இருந்தன.

மருந்து ஏன் அடங்க வைக்கவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும். பூச்சிக்குச் செடியே சுருட்டிக் கொடுத்த கூரை உண்டு, மேலே மெழுகுப் பூச்சு உண்டு, முட்டைகளுக்குப் பஞ்சுப் பை உண்டு. தெளிப்பானிலிருந்து விழும் துளி இவற்றையெல்லாம் தாண்ட வேண்டும். தாண்டாமல் இலைமேல் தங்கும் துளி, இலைமேல் நடமாடும் பொறிவண்டையும் குளவியையும் கொல்லும். ஒளிந்திருப்பது பிழைக்கிறது, அதைத் தேடி வந்தது சாகிறது. இரண்டு வாரம் கழித்து மாவுப்பூச்சி முன்னைவிட அதிகமாகத் தெரிந்தால், மருந்துக்கடைக்காரர் அடுத்த டப்பாவை எடுத்து நீட்டுவார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண். துணையில்லாமலே ஒவ்வொன்றும் நானூறு முட்டை வரை இடும். பொரிப்பதெல்லாம் மறுபடியும் பெண். காற்றிலோ, விதைக்குச்சியிலோ ஒரேயொரு குஞ்சு வந்து சேர்ந்தால்கூட ஒரு காட்டுக்குப் போதும்.

ஆப்பிரிக்காவுக்கு அப்படித்தான் வந்தது. மரவள்ளியைப் போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் தென்னமெரிக்காவிலிருந்து அங்கே கொண்டுபோனார்கள். மாவுப்பூச்சி நானூறு ஆண்டு தாமதமாக, 1970களின் தொடக்கத்தில், காங்கோ ஆற்றுப் பக்கம் போய் இறங்கியது. தன் எதிரிகளை ஊரிலேயே விட்டுவிட்டு. பத்தே ஆண்டில் கோடிக்கணக்கானவர்களின் அன்றாடச் சோற்றுக்கு ஆபத்து வந்தது. அந்த எதிரிகளைத் தேடிப் பிடிப்போம் என்று கிளம்பியவர் ஹான்ஸ் ஹெரென் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர். நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

முதலில் ஏமாற்றம். தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் எதிரிகளும் கிடைத்தன. ஆனால் ஆப்பிரிக்கப் பூச்சியில் அவை வளரவில்லை. உற்றுப் பார்த்தால், அங்கே கிடைத்த இனத்தில் ஆண் இருந்தது! வேறு இனம். நிஜமான பூச்சியை 1981இல் பராகுவே நாட்டில் கண்டுபிடித்தவர் டோனி பெல்லோட்டி. அங்கிருந்த ஒட்டுண்ணிக் குளவி லண்டனில் தனிமைக் காவலில் சோதிக்கப்பட்டு, அதே ஆண்டு நைஜீரியாவில் விடப்பட்டது. அதன் இன்றைய பெயர் அனகைரஸ் லோபெஸி.

குளவி என்றதும் கொட்டுமே என்று பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். கையில் வந்து உட்கார்ந்தால் தூசி என்று தட்டிவிடுவீர்கள்.

அது காட்டுக்குள் வந்ததும் பூச்சியைத் தேடுவதில்லை, வாசனையைத் தேடுகிறது. மாவுப்பூச்சி உறிஞ்சும் மரவள்ளிச் செடியின் மணம் மாறிவிடுகிறது. நல்ல செடியையும் பூச்சி விழுந்த செடியையும் வைத்தால் பெண் குளவி பூச்சிச் செடியின் மணத்தை நோக்கியே போகும் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். செடியில் இறங்கியதும் கொத்துக்குள் நுழைந்து, உணர்கொம்பால் ஒவ்வொரு மாவுப்பூச்சியையும் தட்டித் தட்டிப் பார்க்கும். சந்தையில் தேங்காயைத் தட்டி வாங்குபவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே தோரணை. ஏற்கெனவே வேறு குளவி முட்டையிட்டதா என்பது அதற்குத் தெரியும். இட்டிருந்தால் பெரும்பாலும் நகர்ந்துவிடும். மிகச் சின்னக் குஞ்சு என்றால் குத்திச் சாற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்தப் புரதம் அடுத்த முட்டைகள் முதிர்வதற்கு.

ஓரளவு வளர்ந்த பூச்சி என்றால் உள்ளே முட்டையிடும். இங்கேதான் நான் சொல்ல வந்த அதிசயம். பூச்சி சின்னதாக இருந்தால் பெரும்பாலும் ஆண் முட்டை. பெரிதாக இருந்தால் பெண் முட்டை.

எப்படி? தேனீக்களைப் பற்றிப் பள்ளியில் படித்தது நினைவிருக்கலாம். கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டையும் வீணாகாமல் ஆணாகும். குளவிக்கும் அதே ஏற்பாடு. ஒருமுறை கூடியதும் விந்தணுக்களைத் தாய் வயிற்றில் ஒரு சின்னப் பையில் சேமித்துக்கொள்கிறது. முட்டை வழுக்கி வெளியே வரும் வழியில் அந்தப் பையின் வாயைத் திறந்தால் மகள், மூடியே வைத்தால் மகன். கொம்பால் தட்டி அளந்து, அளவைப் பொறுத்துக் குழாயைத் திறப்பதா மூடுவதா என்று அந்த நொடியில் முடிவாகிறது. நாம் சோற்றில் உப்புப் போடுவதைக்கூட இவ்வளவு கணக்காகச் செய்வதில்லை.

இந்தக் கணக்குக்குக் காரணம் சாப்பாடு. ஒரு குளவிப் புழுவுக்கு ஆயுசு முழுக்கக் கிடைக்கும் தீனி அந்த ஒற்றை மாவுப்பூச்சிதான். சின்னப் பூச்சியைத் தின்று வளர்ந்தால் குளவியும் சின்னதாகவே வரும். மகன் சிறுத்தால் பாதகமில்லை, எப்படியும் ஜோடி சேர்ந்துவிடுவான். மகள் சிறுத்தால் முட்டை குறையும். அதனால் நல்ல வீடு மகளுக்கு, மிச்சம் மீதி மகனுக்கு. (இதை எங்கள் பாட்டியிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.)

பூச்சியும் சும்மா இருப்பதில்லை. குளவி குத்த வந்தால் வாலை உதறும். உள்ளே போன முட்டையை அதன் ரத்த அணுக்கள் சூழ்ந்து கறுப்பாக இறுக்கிக் கொன்றுவிடுவதும் உண்டு. தப்பிய முட்டை பொரித்து, உள்ளிருந்தே தின்னும். பூச்சியின் தோல் பழுப்பேறிப் பீப்பாய் போல விறைத்துவிடும், மம்மி என்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும்.

இந்த ஆண்-பெண் கணக்கு ஆய்வுக்கூட வேடிக்கை மட்டுமல்ல. டைவர்சிகோர்னிஸ் என்ற இன்னொரு குளவியையும் ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. அதற்கு மகள் பெற இன்னும் பெரிய மாவுப்பூச்சி தேவை. லோபெஸியோ நடுத்தர அளவிலேயே மகள்களைப் பெற்றுவிடுகிறது. டைவர்சிகோர்னிஸ் வாசல் திறப்பதற்குள் லோபெஸி சரக்கை அள்ளிவிடுகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். லோபெஸி ஆப்பிரிக்காவில் 25க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி நிலைத்தது. ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் எளிது. இந்தக் குளவியின் புழு மாவுப்பூச்சியின் உடலுக்குள் மட்டுமே வளரும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், கூடினால் கூடும். ஆஸ்திரேலியாவில் 1935இல் கரும்பு வண்டைத் தின்ன ஒரு தேரையை விட்டார்கள். அது வண்டைத் தவிர மற்றதையெல்லாம் தின்று நாடு முழுக்கத் தலைவலியாகிவிட்டது. எதையும் தின்பதை விடக் கூடாது, ஒன்றை மட்டும் தின்பதைத்தான் விட வேண்டும். லண்டனில் தனிமைக் காவலில் வைத்துச் சோதித்தது இதனால்தான்.

முதல் கேள்வி இன்னும் சுவையானது. பறந்து போய்விடும் பொருளை எந்தக் கம்பெனி தயாரித்து விற்கும்? ஒருமுறை விட்டால் ஊருக்கே இலவசம். அடுத்த ஆண்டு யாரும் வாங்க வரமாட்டார்கள். ஆகவே இந்த வகை ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம்தான் வர வேண்டும். பூச்சி வாசலுக்கு வந்த பிறகு அவசரமாக அனுமதி தேடி ஓடாமல், பக்கத்து நாட்டில் தெரிந்ததுமே குளவியைச் சோதித்துத் தயாராக வைக்க நிதி ஒதுக்கலாம் என்பது என் கட்சி. தாய்லாந்தில் இந்த மாவுப்பூச்சி 2008இலேயே வந்துவிட்டது. அவர்கள் மறு ஆண்டே பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தார்கள். நடும் குச்சிகளை மருந்துக் கரைசலில் சில நிமிடம் ஊறவைக்கும் பழக்கத்தையும் பரப்பினார்கள். மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. குச்சியோடு ஒட்டி வரும் பூச்சிக்கு வாளியில் ஊறவைத்த மருந்து போதும். வளர்ந்த செடியின் தலையில் பொழிவதுதான் வினை. நம் நாட்டுக்கும் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனம் 2021இல் பெனினிலிருந்தே குளவியைக் கொண்டுவந்தது. 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டார்கள்.

ஆத்தூர்த் தோட்டத்தில் திருஷ்டிப் பொம்மை ஒன்று நின்றது. “பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணு” என்றார் உறவினர். விசாரித்ததில் விதைக்குச்சியே அந்தப் பக்கத்துக் காட்டிலிருந்துதான் வாங்கியிருக்கிறார். கண் இல்லை, குச்சிதான் வந்திருக்கிறது. பொம்மை இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த நடவுக்குக் குச்சியை மாற்றுங்கள் என்றேன்.

வரும்போது மம்மி ஒட்டிய நாலைந்து கொத்துகளைக் கிள்ளி, ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி ஜன்னலோரம் வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் வெளிச்சம் வந்த பக்கத்துக் கண்ணாடியில் பதினொரு கறுப்புப் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. லென்ஸில் பார்த்தால் ஏழு பெண், நாலு ஆண். சின்ன மம்மியிலிருந்துதான் ஆண் வந்ததா என்று பார்க்க ஆசை. ஆனால் அவசரத்தில் சின்னது, பெரியது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டுத் தொலைத்திருந்தேன்.